மூக்கு நுனியில் தன்னுணர்வு

நாலரை வயதுக் குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர என்னென்ன வேண்டும்? ஒரு பை, ஒரு தண்ணீர் பாட்டில், வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ள ஓர் அம்மா. இவ்வளவுதான் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், உலகம் தெரியாத மனிதர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தில் பதினோரு ஆவணங்கள் கேட்டிருந்தார்கள். அலையாய் அலைந்து பத்தைத் திரட்டிவிட்டார். பதினோராவதுதான் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. 'மழலையர் தன்னுணர்வு மற்றும் தன்னடக்க மதிப்பீட்டு ஆணையம் வழங்கும் தன்னடக்கச் சான்றிதழ். அசல் ஒன்று, நகல் மூன்று.'

அவர் மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவள். எந்தக் கடிதத்தையும் ஒரு பார்வையில் படித்து, எந்த ஊர்ப் பெட்டியில் போட வேண்டுமென்று முடிவுகட்டிவிடுவாள். இதைப் படித்துவிட்டு அவளே இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள்.

"தன்னடக்கம்னா என்னங்க?"

"வாயை மூடிட்டு, கையைக் கட்டிட்டு, ஒரு இடத்துல உக்காந்திருக்கறதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப நம்ம பொண்ணுக்கு நகல்கூடக் கிடைக்காது."

அப்படிச் சொன்னாளே தவிர, அது பாதி உண்மைதான். வாண்டு என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பெண் வாயை மூடமாட்டாள், நிஜம்தான். ஆனால் கையைக் கட்டுவாள். அதற்குக் காரணம் கடை. கீழே கண்ணாடிக்கடை, மேலே வீடு. அம்மா காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை தபால் நிலையத்தில். அதுவரை வாண்டு கடையில்தான். ஒரு பக்கச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள், மறுபக்கம் ஆளுயரத் தகடுகள், நடுவில் வெட்டுகிற மேஜை. வெட்டின விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, தொட்டால்தான் தெரியும். ஆகவே கடையின் முதல் சட்டம், கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது.

இந்தச் சட்டத்தை வாண்டு தனக்கென்று ஒரு விதமாக அமல்படுத்தினாள். ஏதாவது ஒன்றைத் தொடவேண்டும் போலக் கை அரித்தால், பக்கத்திலிருக்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பாள். உள்ளே இருக்கிறவளை விரலை ஆட்டி மிரட்டுவாள். "தொடாதே. கையைப் பின்னாடி கட்டு." உள்ளே இருக்கிறவள் கட்டுகிற வரை விடமாட்டாள். அவளும் பாவம், ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை.

இருந்தும் போன மாதம் அது நடந்துவிட்டது. ஐந்தடித் தகடு ஒன்று சரிந்து விழுந்தது. வாண்டு நின்ற இடத்துக்கும் அதற்கும் அரை முழம் இடைவெளி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, "அப்பா, மழை மாதிரி சத்தம்" என்று கைதட்டினாள். கண்ணாடிக்காரர்தான் பயந்துவிட்டார். இன்னொரு வருஷம் இவளை இந்தக் கடைக்குள் வைத்திருக்க முடியாது என்று அன்றே தீர்மானித்தார். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சான்றிதழ் இந்த வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். திங்கள், செவ்வாய் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு, இந்த வாரத் திங்களன்றே பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆணையத்துக்குப் புறப்பட்டார்.

ஆணையத்தின் கட்டடத்தில் கண்ணாடி இல்லாத சுவரே இல்லை. படிக்கட்டில் கண்ணாடி, லிஃப்டில் கண்ணாடி, கழிப்பறையில் நாலு பக்கமும் கண்ணாடி. ஒவ்வொன்றின் மேலும் 'உன்னைப் பார், உன்னை அடக்கு' என்று தங்க எழுத்தில் எழுதியிருந்தது. தொழில்காரர் கண்ணுக்கு முதலில் பட்டது என்னவோ, அத்தனை கண்ணாடிகளும் விரல் தடங்களோடு எண்ணெய் வழிந்துகொண்டிருந்ததுதான். ஒன்றைக்கூட யாரும் துடைத்ததாகத் தெரியவில்லை.

டோக்கன் எண் நாற்பத்தொன்று. பலகையில் பதினேழு என்றே மூன்று மணி நேரம் இருந்தது. பிறகு விசாரித்ததில் பலகை பழுதென்றும், கூப்பிடுவதை உணர்ந்து தாமாக வருகிறவர்களே தன்னுணர்வுள்ளவர்கள் என்றும் உதவியாளர் சொன்னார்.

உள்ளே மூத்த மதிப்பீட்டாளர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். புத்தம்புது வெள்ளை மேலங்கி. கடையில் கட்டிவிட்ட விலைச்சீட்டு இன்னும் அவருடைய தோளிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கு எதிரில் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று கண்ணாடிகள். அவர் சீட்டைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. வாண்டு பார்த்துவிட்டாள். சொல்லிவிடப் போகிறாளே என்று அப்பா அவளுடைய தோளைச் சற்று அழுத்தினார்.

"முதல்ல தன்னுணர்வு. அதுல தேறினாத்தான் தன்னடக்கம்," என்றார் அம்மையார். குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோலக் கைக்குட்டையால் ஒற்றினார். எடுத்தபோது வாண்டின் மூக்கு நுனியில் சிவப்பாக ஒரு வட்டப் புள்ளி ஒட்டியிருந்தது. "இப்ப கண்ணாடி முன்னாடி போய் நில்லும்மா."

இந்தப் பரீட்சையின் சூட்சுமம் இதுதான். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிந்த குழந்தை, புள்ளியைப் பார்த்ததும் கையைத் தன் மூக்குக்குக் கொண்டுபோகும். புரியாத குழந்தை சும்மா நிற்கும்.

வாண்டு சும்மா நிற்கிற சாதியா? கண்ணாடியை மேலும் கீழும் பார்த்தாள். விரல் தடங்கள், எண்ணெய்க் கறைகள், நடுவில் ஒரு சிவப்புக் கறை. கிட்டே போனாள். வாயைப் பிளந்து 'ஹா' என்று கண்ணாடியின் மேல் ஊதினாள். கவுன் விளிம்பால் வட்டம் வட்டமாகத் துடைத்தாள். விரல் தடங்கள் போயின, சிவப்பு போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது உள்ள இருக்கு. ரசம் போயிடுச்சு. மாத்திடச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரருக்கு ஒரு நிமிஷம் பெருமை தாங்கவில்லை. துடைத்தும் போகாத கறை என்றால் பின்பூச்சு ரசத்தில்தான் கோளாறு, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். கூலிக்கு வைத்த ஆள்கூட இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அதற்குள் அம்மையார் படிவத்தில் எழுதி முடித்துவிட்டார். 'தன்னுணர்வு: இல்லை.'

"மேடம், இவ கண்ணாடிக்கடையில வளர்ற பொண்ணு. கறை தெரிஞ்சா துடைப்பா."

"கை மூக்குக்குப் போகணும். கண்ணாடிக்குப் போச்சு. விதி ஆறு."

"சரி மேடம், வெளியில சொன்னாங்களே, அந்த அடக்கப் பரீட்சையாவது வெச்சுப் பாருங்க. பிஸ்கட்டை முன்னாடி வெச்சு, தொடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தொடமாட்டா."

"அது எப்படிங்க முடியும்? தன்னடக்கம்னா தன்னை அடக்கறது. உங்க பொண்ணுக்குத் 'தான்'ங்கறதே இன்னும் வரலை. இல்லாததை எப்படி அடக்குவா?"

"மூணு மணி நேரமா கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தாளே மேடம். வெளியில எல்லாரும் பார்த்தாங்க."

"அடக்கறா, இல்லேங்கல. ஆனா யாரை அடக்கறாங்கறது எங்களுக்குத் தெரியணும் இல்லையா? அது தெரியாம சான்றிதழை யார் பேர்ல எழுதறது?"

கண்ணாடிக்காரர் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்தபோது வாண்டு கேட்டாள்: "நான் தப்பா துடைச்சேனாப்பா?" "இல்ல கண்ணு, நல்லாத்தான் துடைச்சே," என்று அவளைத் தூக்கிக்கொண்டார்.

மேல்முறையீட்டை இயக்குநர் நேரிலேயே விசாரிப்பார் என்று புதன்கிழமை வரச்சொன்னார்கள். பெற்றோர் மட்டும் போதுமாம். இரண்டு மணிக்கு மனைவி வந்ததும் வாண்டை அவளிடம் விட்டு, கடையை அடைத்துவிட்டுப் போனார்.

இயக்குநர் அறையில் இயக்குநரின் புகைப்படங்கள் ஒன்பது இருந்தன. ஒன்பதிலும் அவர் யாரையோ வாழ்த்திக்கொண்டிருந்தார். இரண்டு காதையும் எட்டிப் பிடிக்கிற மீசை. மேஜையில் ஒரு பெரிய தகர டப்பா, அதன் மேல் 'பரீட்சைக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தது. இயக்குநரின் வலது கை அந்த டப்பாவுக்கும் வாய்க்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. அப்படியொரு கை தனக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது என்று தோன்றியது.

"உக்காருங்க," என்றார். "இருபது வருஷமா இந்த நாட்டுக் குழந்தைங்களுக்காக நான் பேசாத மேடை இல்லை. நேத்துகூட அடக்கத்தைப் பத்தி மூணு மணி நேரம் பேசினேன். நிறுத்துங்கன்னு சீட்டு குடுத்தாங்க. நிறுத்தல. ஏன்? தன்னைப் பத்தி நினைக்கிறவன்தான் தன்னை அடக்க முடியும். என்னை எடுத்துக்குங்க. நான் காலையில எந்திரிச்சதிலேர்ந்து என்னைப் பத்தி மட்டும்தான் நினைக்கிறேன். அதனாலதான் என்கிட்ட இவ்வளவு அடக்கம். இவ்வளவு அடக்கமான ஆளை நானே பார்த்ததில்லை."

"ஆமாங்க சார்," என்றார் கண்ணாடிக்காரர். வேறென்ன சொல்வது?

"உங்க பொண்ணோட கேஸ் சிக்கலானது. தன்னுணர்வு பரம்பரையா வர்றது. வேர் எங்கேன்னு பார்த்துடுவோம்."

உதவியாளர் வந்து, "சார், முகத்துல என்னமோ தூசி," என்று கண்ணாடிக்காரரின் முகத்தைத் தட்டிவிட்டார். நன்றி சொன்னார் கண்ணாடிக்காரர். பிறகு அவரை ஓர் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, "என்ன தெரியுது, சொல்லுங்க," என்றார்கள்.

இருபத்திரண்டு வருஷத் தொழில். ஒருவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி என்ன தெரிகிறது என்று கேட்டால், தொழில் தெரிந்தவன் எதைப் பார்ப்பான்? கண்ணாடிக்காரர் விளிம்பைத் தடவினார். விரல் கணுவால் தட்டிச் சத்தம் கேட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாய்வு பார்த்தார்.

"நாலு மில்லி கண்ணாடி சார். இந்த உயரத்துக்கு அஞ்சு மில்லியாவது இருக்கணும். மேல ரெண்டு திருகு, கீழ ஒண்ணு. இன்னொண்ணை மாட்டாம விட்டுட்டாங்க. இடது பக்கம் கால் அங்குலம் சரிஞ்சிருக்கு. குழந்தைங்க நடமாடற இடம், உடனே சரிபண்ணுங்க."

இயக்குநரும் அம்மையாரும் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். 'பரம்பரை: உறுதி' என்று அம்மையார் எழுதினார். அவருடைய விலைச்சீட்டு படிவத்தின் மேல் நிழலாடியது.

பஸ்ஸில் எல்லோரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று கண்ணாடிக்காரருக்கு விளங்கவில்லை. எதிர் சீட்டில் இருந்த கைக்குழந்தை கைநீட்டிச் சிரித்தது. கடைக்குள் கால் வைத்ததும் வாண்டு, "அப்பா, மூக்குல புள்ளி!" என்று குதித்தாள். அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் தன் கடைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தார். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய்வருகிறவர்தான், ஆனால் தன் முகத்தை நின்று பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. களைத்துப் போன முகம், நுனி மூக்கில் சிவப்புப் புள்ளி. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

"ஏன் கண்ணு, அன்னிக்கு அங்க உன் மூக்குலயும் புள்ளி இருந்துச்சே. நீ ஏன் உன் மூக்கைத் தொடல?"

"அவங்க கண்ணாடி அழுக்குப்பா. அதுல எது தெரிஞ்சாலும் கறைதான். நம்ம கண்ணாடி சுத்தம். நம்ம கண்ணாடியில தெரிஞ்சா அது நம்ம மேலதான் இருக்கும்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி. "போய் அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க."

"சொன்னா அதுக்கும் ஒரு விதி வெச்சிருப்பாங்க."

வியாழக்கிழமை ஆணையத்திலிருந்து தீர்ப்பு வந்தது. அப்பனுக்கும் மகளுக்கும் தன்னுணர்வு இல்லை என்பது நிரூபணமாகிவிட்டதாம். எனினும், இல்லாத இரண்டைச் சேர்த்துவைத்தால் ஒன்று வர வாய்ப்புண்டு என்று இயக்குநர் கருணையோடு கருதுவதால், 'கூட்டு அடக்கத் தேர்வு' ஒன்று அளிக்கப்படுகிறது. குழந்தை பிஸ்கட்டுக்கு முன்னால் பதினைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதே பதினைந்து நிமிஷம் தகப்பன் பார்வையாளர் அறையில் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். குழந்தை கடித்தாலும் தோல்வி, தகப்பன் ஒரு வார்த்தை பேசினாலும் தோல்வி.

"நீங்க பேசாம இருந்துடுவீங்க இல்ல?" என்று மனைவி மூன்று முறை கேட்டாள். "பொண்ணைப் பத்தி எனக்குக் கவலையில்ல."

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். பரீட்சை அறையில் ஒரு குட்டி மேஜை, குட்டி நாற்காலி, தட்டில் ஒரு கிரீம் பிஸ்கட். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. "இதைச் சாப்பிடாம காத்திருந்தா, மணி அடிச்சதும் இன்னொண்ணு கிடைக்கும். ரெண்டையும் சாப்பிடலாம்," என்று அம்மையார் வாண்டிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால்தான் பார்வையாளர் அறை. அங்கிருந்து பார்த்தால் குழந்தை தெரியும், குழந்தைக்குத் தன் உருவம் மட்டும்தான் தெரியும். இப்படிப்பட்ட கண்ணாடிகளைக் கண்ணாடிக்காரர் தம் கையால் எத்தனையோ பொருத்தியிருக்கிறார். அதன் வித்தை ஒன்றுதான். குழந்தை பக்கம் வெளிச்சம், பார்க்கிறவர் பக்கம் இருட்டு. இந்தப் பக்கத்தில் விளக்கைப் போட்டால் கண்ணாடி வெறும் ஜன்னலாகிவிடும்.

முதல் மூன்று நிமிஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது. இருட்டறையில் இயக்குநர், அம்மையார், உதவியாளர், ஓரத்தில் கண்ணாடிக்காரர். அந்தப் பக்கம் வாண்டு பிஸ்கட்டைப் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். கை லேசாக எழுந்தது. உடனே நாற்காலியை விட்டு இறங்கிக் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். விரலை ஆட்டினாள். "தொடாதே. கையைப் பின்னாடி கட்டு." உள்ளே இருந்தவள் கட்டிக்கொண்டாள்.

அப்போது இயக்குநர், "டப்பா எங்கப்பா? ஒண்ணும் தெரியலியே," என்றார். உதவியாளர் டியூப்லைட்டைப் போட்டார்.

கண்ணாடிக்காரரின் வாய் தன்னால் திறந்தது. அம்மையார் உதட்டில் விரலை வைத்து எச்சரித்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். விளக்கைக் கையால் காட்டினார். "சைகையும் பேச்சுதான். விதி பதினாலு," என்றார் அம்மையார்.

அந்தப் பக்கத்தில் வாண்டு திடுக்கிட்டுப் போனாள். அவளுடைய சினேகிதி மாயமாகிவிட்டாள். அவள் நின்ற இடத்தில் ஒரு மீசை மாமா, விலைச்சீட்டு ஆன்ட்டி, உதவியாளர், மூன்று பேரும் ஒரு டப்பாவைச் சுற்றி நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். வாண்டு நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"அற்புதம்!" என்றார் இயக்குநர், வாய் நிறைய வைத்துக்கொண்டு. "எவ்வளவு ஆழமா தன்னைப் பார்க்கறா பாருங்க. எழுதிக்குங்க. குழந்தைங்களால முடியறது பெரியவங்களால முடியாதா? ஆசையை அடக்கறதுங்கறது ஒரு..." டப்பாவுக்குள் கையை விட்டார். "...ஒரு பயிற்சி. மனசு வேணாம்னு சொன்னா கை கேக்கணும்." கை கிரீம் பிஸ்கட்டோடு வெளியே வந்தது. அவர் பேச்சை அவர் கை கேட்டதாகத் தெரியவில்லை.

வாண்டு இயக்குநரைப் பார்த்து விரலை ஆட்டினாள். "தொடாதே. கையைப் பின்னாடி கட்டு."

"தன் பிம்பத்தையே அதட்டறா!" என்று அம்மையார் பரவசமாக எழுதிக்கொண்டே, தாமும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

வாண்டு காத்திருந்தாள். இயக்குநர் கையைக் கட்டவில்லை. மறுபடி சொன்னாள். அவர் இன்னொன்றை எடுத்தார். வாண்டின் முகம் வாடியது. தான் சொன்னால் கட்டாத ஆளைக் கண்ணாடிக்குள் அவள் பார்த்ததே இல்லை. மேஜைக்குத் திரும்பிப் போனாள். பெரியவர்களே தின்கிறார்கள், கட்டுகிறவள் ஒருத்தியும் இல்லை, அப்புறம் நான் மட்டும் என்ன? பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. தட்டுப் பக்கம் போனது. விரல் பிஸ்கட்டின் மேல் பட்டுவிடும் போல நின்றது.

கண்ணாடிக்காரருக்கு உயிரே போய்விட்டது. சரிந்து விழுந்த அந்தத் தகடும், அந்த அரை முழமும் கண் முன்னால் வந்து நின்றன. கத்த வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். கை எதையாவது செய்துவிடப் போகிறதே என்ற பயத்தில், இரண்டையும் பின்னால் கொண்டுபோய் இறுகக் கட்டிக்கொண்டார்.

வாண்டு கடைசியாக ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிஸ்கட் தின்கிற கூட்டத்துக்குப் பின்னால், ஓரத்தில், கையைக் கட்டிக்கொண்டு அப்பா நிற்பதைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. கையை எடுத்தாள். பின்னால் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு மணி அடிக்கிற வரை அவளும் அவரும் அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மணி அடித்தது. இரண்டாவது பிஸ்கட்டைக் கொடுக்க அம்மையார் டப்பாவுக்குள் கைவிட்டார். அடித்தட்டு வரை துழாவினார். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். தூள்தான் விழுந்தது. எல்லோரும் பரீட்சை அறைக்குள் போனார்கள்.

"பாப்பா, அந்த இன்னொரு பிஸ்கட்டு வந்து... எங்கயோ..."

"மாமா தின்னுட்டாரு," என்றாள் வாண்டு. "மாமா ஆறு. நீங்க நாலு. அந்த அண்ணன் ரெண்டு. தொடாதேன்னு சொன்னேன், கேக்கல."

இயக்குநர் மெதுவாகத் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் காலி டப்பாவும், சுவரில் மாட்டியிருந்த அவருடைய பத்தாவது புகைப்படமும் பளிச்சென்று தெரிந்தன.

"கண்ணாடி கெட்டுப்போச்சு!" என்றார்.

"இப்ப பேசலாமா சார்?" என்று கேட்டுக்கொண்டு கண்ணாடிக்காரர் சொன்னார்: "கண்ணாடியில ஒண்ணும் தப்பில்ல சார். அந்தப் பக்கம் லைட்டைப் போட்டீங்க. போட்டா இங்கேருந்து எல்லாம் தெரியும்."

"லைட்டு பன்னண்டு வருஷமா போட்டுட்டுத்தானே இருக்கோம்," என்றார் உதவியாளர் அப்பாவியாக.

பன்னிரண்டு வருஷம். அம்மையார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அது குட்டி நாற்காலி, முட்டி தாடையில் இடித்தது. பன்னிரண்டு வருஷமாக இந்த அறையில் உட்கார்ந்த குழந்தைகள் எல்லாம் அதிகாரிகள் தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கின்றன. பெரியவர்களே சாப்பிடுகிறார்கள், நாமும் சாப்பிடத்தான் வேண்டும் போலிருக்கிறது என்று மரியாதைக்காகக் கடித்த பிள்ளைகளையெல்லாம் அடக்கமில்லாதவை என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

"இனிமே லைட்டை அணைச்சிடுங்க சார், சரியாயிடும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"அணைச்சா இருட்டுல நாங்க எப்படிச் சாப்..." இயக்குநர் நிறுத்தினார். "எப்படிக் குறிப்பெழுதறது?"

பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு முடிவை அறிவித்தார். இன்று இங்கே நடந்தது எதுவும் நடக்கவில்லை. ஆனால் நடக்காத அந்தத் தேர்வில் குழந்தை மிகச் சிறப்பாகத் தேறிவிட்டாள். குழந்தைக்குத் தன்னுணர்வு இல்லை என்று முன்பு எழுதியது பிழை, உண்மையில் அது அளவுக்கு மீறி இருக்கிறது, அடுத்தவர்கள் வரை போகிறது. தகப்பன் இது பற்றி வெளியில் வாய் திறக்கமாட்டார் என்பதை ஆணையம் பதினைந்து நிமிஷம் நேரிலேயே பார்த்துவிட்டது. சான்றிதழில் கையெழுத்தாயிற்று, முத்திரையும் விழுந்தது. கண்ணாடிக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இப்ப இதைச் சாப்பிடலாமா?" என்று வாண்டு தட்டைக் காட்டினாள். யாரும் மறுக்கவில்லை. ரசித்துச் சாப்பிட்டாள்.

இத்தோடு விட்டிருந்தால் இயக்குநர் தப்பித்திருப்பார். ஆனால் அவருக்குப் புகைப்படம் வேண்டும். குழந்தையை வாழ்த்துவது போல ஒன்று, பதினோராவது. முன்கூடத்தில் பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். உதவியாளர் கேமராவைத் தூக்கினார். வாண்டு அண்ணாந்து பார்த்து, "மாமா, மீசையில கிரீம்," என்றாள்.

இயக்குநர் கண்ணாடியின் பக்கம் திரும்பினார். நேராகப் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். காலரைச் சரிசெய்துகொண்டார். புன்னகைத்துப் பார்த்தார், பிடித்திருந்தது. மீசை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மீசையில ஒண்ணுமில்லையே பாப்பா," என்றார். "கண்ணாடியிலதான் ஏதோ கறை. யாருப்பா இதைத் துடைக்கறது?"

கறை என்று காதில் விழுந்ததும் வாண்டு முன்னால் வந்தாள். குதிகாலை உயர்த்தி, கண்ணாடியில் இயக்குநரின் மீசை தெரிகிற இடத்தில் 'ஹா' என்று ஊதினாள். கவுன் விளிம்பால் வட்டம் வட்டமாகத் துடைத்தாள். அந்த இடத்தில் கண்ணாடி பளபளத்தது. வெள்ளை போகவில்லை. நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்த்தாள். பின்னால் தள்ளி நின்று கண்ணாடியைப் பார்த்தாள். இயக்குநரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அப்பா, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. மாமாவைத்தான் மாத்தணும்."

முத்திரையின் மை காய்ந்ததா என்றுகூடக் கண்ணாடிக்காரர் பார்க்கவில்லை. ஒரு கையில் சான்றிதழ், மறு கையில் வாண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு உடைத்துக்கொண்டு வந்தது. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வந்தும் நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அப்பாவின் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள்.

"எல்லாரும் பார்க்கறாங்கப்பா. கையைப் பின்னாடி கட்டுங்க."

அவர் கட்டிக்கொண்டார்.